சத்தமாகச் சொன்ன பெயர்

பொன்செல்விக்கு மூக்கு நுனியில் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்ச நேரத்தில் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு கல்யாணக் கூட்டம் மாதிரி திரண்டு வந்த சொந்தக்காரர்களைத் திட்டித் தீர்க்கப்போகிறாள். அப்போது நீங்கள் அவளைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. கழுத்தில் தொங்கும் அட்டையில் நெட்வொர்க் டெக்னீஷியன் என்று போட்டிருக்கும். ஆனால் நர்சுகள் முதல் கேன்டீன்காரர் வரை எல்லாருக்கும் அவள் வைஃபை சேச்சி, அதாவது வைஃபை அக்கா. அறையில் டிவி தெரியவில்லை என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், லிஃப்டில் ஃபேன் ஓடவில்லை என்றாலும் அவளைத்தான். களியக்காவிளையில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்கோ, இத்தனை வருஷமாகியும் மகள் என்னதான் வேலை பார்க்கிறாள் என்பது பிடிபடவில்லை. கம்பி இழுக்கிற வேலையா என்று கேட்டால் இல்லை என்கிறாள். கம்ப்யூட்டர் ரிப்பேரா என்றால் அதுவும் இல்லை என்கிறாள். கடைசியில் ஒருநாள் பொன்செல்வி சலித்துப்போய், "காத்தைக் கூட்டிப் பெருக்குற வேலையாக்கும் எனக்கு, போதுமா?" என்றாள். அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் அதை அப்படியே சொல்லியும் வைத்தாள்.

யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. வைஃபை மரியாதை தெரிந்த சங்கதி. ஒரு போனோ டேப்லெட்டோ பேச வேண்டுமென்றால், முதலில் காது கொடுத்துக் கேட்கும். அந்தச் சேனலில், அதாவது அந்த அலைவரிசையில், வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். அவர் முடித்த பிறகுதான் தன் பேச்சை எடுக்கும். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் இது அழகாக நடக்கும். நூறு பேர் வந்துவிட்டால் எல்லாருமே காத்துக்கொண்டு நிற்பார்கள், யாருக்கும் முறை வராது. மெயில் அனுப்புகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். ஆனால் முகம் பார்த்துப் பேசுகிறவர்களால் காத்திருக்க முடியாது. பாதி வார்த்தையில் குரல் அறுந்துபோகும், முகம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். இதெல்லாம் நடக்காமல், எந்த வைஃபை பெட்டி எந்தச் சேனலில் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்று வகைசெய்து வைப்பதுதான் பொன்செல்வியின் பிழைப்பு. லேப்டாப்பைத் திறந்து ஒரு கையில் ஏந்திக்கொண்டு மாடி மாடியாக நடப்பாள். பார்க்கிறவர்களுக்கு, தட்டு ஏந்திக்கொண்டு யாருக்கோ விருந்து கொண்டுபோகிறாள் என்றுதான் தோன்றும்.

மார்த்தாண்டத்தில் டிப்ளமா முடித்தவளுக்கு முதலில் கிடைத்தது ஒரு கேபிள் டிவி ஆபீஸ் வேலை. ஆள் வராத நாட்களில் அவளே ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினாள். சீரியல் நேரத்தில் படம் போய்விட்டால் வாடிக்கையாளர்கள் போனில் என்னவெல்லாம் பேசுவார்கள் என்பதைக் கேட்டுக் கேட்டு, திருப்பிக் கொடுக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்த பிறகும் வாய் மட்டும் கேபிள் ஆபீஸ் வாய்தான். புருஷன் பேச்சிமுத்து செங்கோட்டைப் பக்கத்து ஆள், தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நாளெல்லாம் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற மனுஷன் வீட்டில் வாயே திறக்க மாட்டார். பத்தாம் வகுப்பு படிக்கிற மகளோ அம்மாவிடம் மலையாளத்தில்தான் பேசுவாள், அம்மா மலையாளத்தில் பதில் சொன்னால் அதைத் திருத்துவாள். ஆகவே பொன்செல்வியின் கோபம் முழுவதும் வேலை செய்யும் இடத்தில்தான் செலவாக வேண்டியிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் குறைமாதக் குழந்தைகளுக்கான வார்டு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாரக்கணக்காகப் படுத்திருக்கும். தொற்று வந்துவிடக் கூடாது என்பதால் அம்மாவுக்கு மட்டும்தான் உள்ளே வர அனுமதி, அதுவும் குறிப்பிட்ட நேரங்களில். அப்பாக்களில் பாதிப் பேர் கல்ஃபில் இருப்பார்கள். இந்த ஊர் அப்படி. அதனால் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் ஸ்டாண்டில் ஒரு டேப், அதாவது டேப்லெட், வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆஸ்பத்திரியின் ஆப்பைத் திறந்தால், அப்பா துபாயில் இருந்தாலும் தோஹாவில் இருந்தாலும் பிள்ளையைப் பார்க்கலாம், பேசலாம்.

ஆரம்பத்தில் இது பெரிய தலைவலியாக இருந்தது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ சில நேரங்களில் மட்டும் அத்தனை பெட்டியிலும் ஒன்றாக நின்றுபோகும். வார்டின் சிஸ்டர் இன்சார்ஜ் ஷெமி பதறிப்போய்க் கூப்பிடுவாள், பொன்செல்வி ஓடி வருவதற்குள் சரியாகிவிடும். பேய் பிடித்த வார்டு என்று ஒரு நர்ஸ் கையில் மந்திரித்த கயிறுகூடக் கட்டிக்கொண்டாள். பொன்செல்வி ஒரு நாள் முழுக்க அங்கேயே குந்தியிருந்து பார்த்தாள். அம்மாக்கள் பால் எடுக்கும் அறை பக்கத்திலேயே இருந்தது. பால் எடுக்கிற பம்பின் பாகங்களை ஆவியில் வேகவைத்துச் சுத்தம் செய்வதற்காக அங்கே ஒரு பழைய மைக்ரோவேவ் வைத்திருந்தார்கள். பாலூட்டும் நேரம் நெருங்கும்போதெல்லாம் அது ஓடும். அது ஓடும்போதெல்லாம் டேப்புகள் பேசும் காற்றில் கலவரம் நடக்கும். கயிறு கட்டிய நர்சைப் பார்த்துப் பொன்செல்வி சிரித்த சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரம் ஆனது. மைக்ரோவேவை வராந்தாவின் அந்தக் கோடிக்கு மாற்றி, டேப்புகளை எல்லாம் அதன் தொல்லை எட்டாத வேறு அலைவரிசைக்கு ஏற்றிவிட்டாள். அன்றோடு பேய் ஓடிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். அப்போதுதான் ஷெமி இன்னொரு சங்கடத்தைச் சொன்னாள். வார்டில் இருக்கும் மானிட்டர்கள் விடாமல் பீப் பீப் என்று கத்துகின்றன, வெளிநாட்டில் இருந்து பார்க்கிற அப்பாக்கள் அதைக் கேட்டுப் பயந்து, என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று நர்சுகளைப் பிடுங்கி எடுக்கிறார்கள் என்றாள். இது நியாயமான பேச்சுதானே. அந்த ஆப்பில் இரைச்சலை நீக்குகிற வசதி ஒன்று இருந்தது. போகிற பக்கம், வருகிற பக்கம் இரண்டிலும் பேச்சுக்குரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற சத்தத்தையெல்லாம் அது சலித்து எடுத்துவிடும். பொன்செல்வி அதை முழு அளவுக்கு ஏற்றி, கீழே இருக்கும் சர்வர் வழியாக எல்லா டேப்பிலும் பூட்டி வைத்தாள். மறுநாள் முதல் வார்டு டேப்பில் கோவில் கருவறை மாதிரி அமைதியாக இருந்தது. மேனேஜர் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். அவளும் அன்றைக்குக் கொஞ்சம் நெளிந்துகொண்டுதான் நின்றாள்.

ஏழாம் பெட்டியில் இருந்தது சுமியின் பிள்ளை. சுமி ஆரியசாலைக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமனார் திரவியம் அங்கே சாலைக் கடைத் தெரு என்கிற பெரிய பஜாரில் மளிகை மொத்த வியாபாரி. கடையை மூத்த மகன் பார்த்துக்கொள்ள, இளையவன் அனூப், அதாவது சுமியின் புருஷன், பஹ்ரைனில் ஒரு கம்பெனியில் இருந்தான். பிரசவத்துக்கு வருவதற்காக அவன் லீவு சொல்லி வைத்திருந்த மாதம் வருவதற்கு முன்னாலேயே பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டது. லீவை முன்னுக்கு நகர்த்த அவன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான், கம்பெனி மசியவில்லை.

சுமிக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையும் இப்படித்தான் முந்திப் பிறந்து, இன்னொரு ஆஸ்பத்திரியில் சில நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெயர் வைக்கும் முன்னாலேயே போய்விட்டது. அந்தப் பக்கத்து வழக்கப்படி இருபத்தெட்டாம் நாள்தான் அரையில் கயிறு கட்டிப் பெயர் வைப்பார்கள். ஒரு காதை வெற்றிலையால் மூடி, இன்னொரு காதில் அப்பா மூன்று தடவை ரகசியமாகப் பெயரைச் சொல்லுவார். அந்தப் பெயரை உலகத்தில் முதலில் கேட்கிறது பிள்ளைதான், அப்புறம்தான் மற்றவர்கள். முதல் பிள்ளைக்கு அந்த நாள் வரவே இல்லை. கையில் கட்டியிருந்த பட்டையிலும் 'சுமியின் குழந்தை', கடைசியில் கொடுத்த காகிதத்திலும் 'சுமியின் குழந்தை'. இப்போது ஏழாம் பெட்டியின் மேலும் அதுவே ஒட்டியிருந்தது. உள்ளே வரும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் இருக்க சுமி முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று ஷெமி பொன்செல்வியிடம் சொன்னாள்.

பிள்ளையின் இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய். பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ள வேண்டியது, மூடவில்லை. மருந்துக்கும் அடங்கவில்லை. ஆபரேஷன்தான் வழி என்று சொல்லி சனிக்கிழமை காலைக்கு நாள் குறித்தார்கள். பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாள் அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. சுமி டாக்டரிடம் போய் நின்றாள். பெயர் இல்லாமல் இந்தப் பிள்ளையை ஆபரேஷனுக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். அழாமல்தான் சொன்னாள்.

டாக்டர் அனந்தபத்மநாபன் ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பேர் வைக்கறதுல நேக்கு என்ன ஆட்சேபணை? வெத்தலை மட்டும் உள்ள வரப்படாது. கயிறு கட்டறதெல்லாம் ஆத்துக்குப் போனப்பறம் வச்சுக்கோங்கோ" என்றார்.

அப்பா ஊரில் இல்லையென்றால் தாத்தா சொல்லலாம், தாய்மாமன் சொல்லலாம், அதில் குற்றமில்லை என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். சுமி கேட்கவில்லை. அனூப்தான் சொல்ல வேண்டும், டேப்பில் சொன்னாலும் சரி என்று ஒரே பிடியாக நின்றாள். அவளுக்கு அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. பிள்ளை பிழைக்கும் என்பதை அனூப் நம்பவில்லை என்று அவளுக்குச் சந்தேகம். தினமும் டேப்பில் பார்க்கிறான், வாய் அசைவதைப் பார்க்கிறான், ஆனால் சத்தம் இல்லை. இவன் ஏன் அழவே மாட்டேங்கிறான், அழக்கூடத் தெம்பில்லையா என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தான். பூனைக்குட்டி மாதிரி அழுகிறான், நான் என் காதால் கேட்டேன் என்று சுமி சொன்னால், தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். பெயர் சொல்லிவிட்டால் பிள்ளையை அவன் கை நழுவ விடமாட்டான் என்று அவள் நினைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சுமி பொன்செல்வியைத் தேடி வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, நாளைக்கு ஒரு அஞ்சு நிமிஷம். லைன் கட்டாவாமப் பாத்துக்கிடுவீங்களா?"

கோபக்காரிகளுக்கு ஒரு குறை உண்டு, யாராவது கையைப் பிடித்துவிட்டால் கரைந்துபோவார்கள். பொன்செல்வி வாக்குக் கொடுத்துவிட்டாள். அன்று சாயங்காலமே ஏழாம் பெட்டிப் பக்கத்துச் சேனலைச் சோதித்தாள், தலைக்கு மேல் இருந்த வைஃபை பெட்டியில் மற்ற போக்குவரத்தையெல்லாம் பக்கத்து வைஃபை பெட்டிக்குத் தள்ளிவிட்டாள். அனூப்பைக் கூப்பிட்டு ஒத்திகையும் பார்த்தாள். முகம் தெளிவாக இருந்தது, குரல் மணி மாதிரி கேட்டது. இனி ஆண்டவரே வந்தாலும் இதைக் கெடுக்க முடியாது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆண்டவர் வரவில்லை. திரவியத்தின் சொந்தக்காரர்கள் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பெயர் சொல்லியாக வேண்டும். பத்து மணிக்கு லிஃப்ட் திறந்தால் ஒரு கூட்டம், மூடித் திறந்தால் இன்னொரு கூட்டம். நாகர்கோவிலில் இருந்து ஒரு வேன், சாலைக் கடைகளில் இருந்து ஆட்டோ ஆட்டோவாக வியாபாரிகள், சுமியின் வீட்டார் வேறு. அனூப்பின் அம்மா கோமதியம்மாள் பெரிய எவர்சில்வர் டிரம் நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் கொண்டுவந்திருந்தார். யாரையும் உள்ளே விட மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் வந்தார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது வாசலிலாவது நிற்க வேண்டாமா, இதுகூட இல்லையென்றால் சொந்தம் எதற்கு என்பது அவர்கள் நியாயம். ஆஸ்பத்திரி வைஃபை சரியாக எடுக்காது என்று யாரோ சொல்லியிருந்தபடியால், விவரமானவர்கள் எல்லாரும் தங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மற்றவர்களுக்குத் தாராளமாகப் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தார்கள். வர முடியாதவர்களுக்காக வீடியோ கால்கள் வேறு ஓடின. திருநெல்வேலியில் இருந்து ஒரு அத்தையும், சென்னையில் இருந்து ஒரு சித்தப்பாவும் பூட்டிய கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஏழாம் பெட்டியில் அனூப்பின் முகம் மூக்கு தனியே வாய் தனியே பிரிந்து நின்றது.

"சேச்சீ, ஒண்ணு வரணே. போயி, எல்லாம் போயி" என்றாள் ஷெமி. பொன்செல்வி லேப்டாப்பைப் பார்த்தாள். திரையில் ஹாட்ஸ்பாட் பெயர்கள் மழைக்கால ஈசல் மாதிரி வந்துகொண்டே இருந்தன. அவள் ஒதுக்கி வைத்திருந்த சேனலிலேயே பாதிப் பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு வந்ததே ஒரு கோபம். கதவைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, வாய்க்கு வந்தபடி விட்டாள். பெத்த அப்பன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் தவிக்கிறான், நீங்கள் அத்தனை பேரும் அவன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறீர்கள் என்றாள். வாழ்த்த வந்தீர்களா வழிமறிக்க வந்தீர்களா என்று கேட்டாள். ஒரு பெரியவர், நாங்கள் எங்கே வாயைப் பொத்தினோம், சும்மா போனைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று இழுத்தார்.

விஷயத்தை முதலில் பிடித்துக்கொண்டவர் திரவியம்தான். சாலைக் கடைத் தெருவில் ஒரே நேரத்தில் பத்து லோடு ஆட்டோ நுழைந்தால் என்ன ஆகும் என்பதை வாழ்நாளெல்லாம் பார்த்த மனுஷர். "மோளே, இப்ப நாங்க என்ன செய்யணும், அதச் சொல்லு" என்றார்.

"போனை எல்லாம் ஆஃப் செய்யணும். ஒண்ணு விடாம."

"அப்ப இவங்க யாரும் பாக்க முடியாதே?"

"முடியாது."

திரவியம் கூட்டத்தைப் பார்த்தார். வேனில் குலுங்கிக் குலுங்கி வந்தவர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதில் ஒரு துளியாவது போனில் பார்த்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள்.  அப்புறம் கோமதியம்மாள் டிரம்மில் இருந்த முந்திரிக்கொத்தை சுமியின் தங்கை நீட்டிய பைக்குள் கவிழ்த்தார். முந்தானையால் டிரம்மின் உட்புறத்தைத் துடைத்துவிட்டு, தன் போனை முதலில் அணைத்து உள்ளே போட்டார். பேசாமல் ஒவ்வொருவர் முன்னாலும் டிரம்மை நீட்டிக்கொண்டே போனார். போட்டார்கள். அணைக்கத் தெரியாத கிழவர்களுக்குப் பொன்செல்வியே வாங்கி அணைத்துக் கொடுத்தாள். திருநெல்வேலி அத்தை "என்னாச்சு என்னாச்சு" என்று கேட்கும்போதே அணைந்து டிரம்முக்குள் இறங்கினாள். மூடி போட்டாயிற்று.

பொன்செல்வி உள்ளே ஓடி வந்தபோது அனூப்பின் முகம் ஒன்றுசேர்ந்திருந்தது. அங்கே மணி எட்டுகூட ஆகவில்லை, வெள்ளிக்கிழமை விடுமுறை. அவனுக்குப் பின்னால் இரண்டு தட்டுக் கட்டில்களில் கூடத் தங்கியிருந்தவர்கள் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் குளித்து நெற்றியில் திருநீறு பூசியிருந்தான். சுமி கவுனும் முகமூடியும் போட்டுக்கொண்டு பெட்டியின் ஓரம் நின்றாள். ஷெமி பெட்டியின் சின்னக் கதவு வழியாகக் கையுறை போட்ட கையை விட்டு, வெற்றிலைக்குப் பதிலாகச் சுத்தமான பஞ்சுத் துணியால் பிள்ளையின் ஒரு காதை மூடினாள். டேப்பை இன்னொரு பக்கத்துக்கு நெருக்கி வைத்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது தாண்டியிருந்தது.

அனூப் போனுக்குக் கிட்டத்தில் குனிந்தான். உதடு அசைந்தது.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி அசைந்தது. சுமி டேப்பையே பார்த்தாள், அப்புறம் பொன்செல்வியைப் பார்த்தாள்.  காற்று சுத்தமாக இருந்தது. லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை, ஒரு துளிகூடச் சிந்தாமல் எல்லாம் வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர் சத்தம் உச்சியில் இருந்தது. வந்து சேர்ந்ததில் குரல் மட்டும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் பேசவில்லை, குசுகுசுக்கிறான். குசுகுசுப்பில் குரல் கிடையாது, வெறும் மூச்சு. அவள் பூட்டி வைத்திருந்த இரைச்சல் சலிப்பான் அதை ஃபேன் காற்று என்று நினைத்து வடிகட்டி எறிந்துகொண்டிருந்தது. நேற்று ஒத்திகையில் அவன் சத்தமாகப் பேசினான், அதனால் தெரியவில்லை. அந்தப் பூட்டைத் திறக்க வேண்டுமானால் காலைத் துண்டித்து, டேப்பை அணைத்து, கீழே சர்வரில் மாற்றிவிட்டு வர வேண்டும். அதற்குள் ராகுகாலம் வந்துவிடும்.

"தப்பு எனக்க தப்பாக்கும், சுமி" என்றாள். "மெல்லச் சொன்னா இது கேக்காது. நான்தான் அப்படிச் செஞ்சு வச்சேன். சத்தமாச் சொல்லணும்."

அனூப் விழித்தான். ரகசியமாகச் சொல்ல வேண்டியதை எப்படிச் சத்தமாகச் சொல்வது, எல்லாருக்கும் கேட்டுவிடுமே, இங்கே ஆட்கள் தூங்குகிறார்களே என்று தடுமாறினான். பிள்ளைக்கு ஏதாவது தோஷம் ஆகிவிடுமா என்று கேட்டபோது அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

சுமி முகமூடியைக் கொஞ்சம் இறக்கினாள். "மூத்தவனுக்கு யாருமே ஒண்ணும் சொல்லல்ல. இவனுக்கு எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. ஊரே கேக்கட்டும்."

அவன் எழுந்து நின்றான். அவனுக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்று தெரியவில்லை போலிருக்கிறது, கடலைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்துக்கொண்டவன் மாதிரி அடிவயிற்றில் இருந்து கூப்பிட்டான்.

"தாணுமாலையா."

பின்னால் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் துள்ளி எழுந்து உட்கார்ந்தான். வார்டில் அத்தனை நர்சுகளும் திரும்பினார்கள். ஷெமி சட்டென்று ஸ்பீக்கரைக் குறைக்கக் கை நீட்டினாள், அப்புறம் என்ன நினைத்தாளோ நிறுத்திக்கொண்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளையின் நெற்றி சுருங்கியது.

"தாணுமாலையா."

இரண்டாவது தடவை குரல் உடைந்தது. நெட்வொர்க்கில் ஒரு குறையும் இல்லை, பொன்செல்வி அதைச் சத்தியம் பண்ணுவாள். மூன்றாவது தடவை அவன் சொல்லி முடித்தபோது சுமியும் கூடச் சேர்ந்து சொன்னாள்.

வராந்தாவில் கண்ணாடிக் கதவில் காதை வைத்திருந்த கோமதியம்மாள் அதைக் கேட்டுவிட்டார். திரும்பி, பக்கத்தில் நின்றவளின் காதில் சொன்னார். அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள். அப்படியே காது காதாக அந்தப் பெயர் லிஃப்ட் வரைக்கும் போனது. திரவியம் மட்டும் யாரும் சொல்வதற்கு முன்னாலேயே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய அப்பாவின் பெயர். இத்தனூண்டு பிள்ளைக்கு அத்தனை பெரிய பெயரா என்று யாரோ கேலி செய்ய, வளர்ந்து நிரப்பிக்கொள்வான் என்றார்.

பொன்செல்வி அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. சர்வர் முன்னால் உட்கார்ந்து அந்தச் சலிப்பானை இறக்கினாள். எவ்வளவு இறக்கினால் போதும் என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு சத்தமாக வைத்துச் சோதித்தாள். மானிட்டர் சத்தத்தை அது தின்றது, குசுகுசுப்பைத் தின்றது. அப்புறம் ஒரு யோசனை தோன்றி, குழந்தை அழுகிற பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அதையும் தின்றது. மிச்சம் வைக்காமல் தின்றது.

அவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். எத்தனை அப்பாக்கள் அந்த டேப் வழியாகப் பார்த்திருப்பார்கள். வாய் திறந்து முகம் சிவந்து பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டு, சத்தம் மட்டும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்காக மீட்டிங்கில் பாராட்டு வாங்கினோமே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வந்த கோபத்துக்கு வடிகால் இல்லை. சலிப்பானை அடியோடு அணைத்தாள். மாடிக்கு ஏறிப்போய் ஷெமியிடம் சொன்னாள், மானிட்டர் சத்தம் இனி கேட்கும், அப்பாக்கள் போட்டுப் பிடுங்குவார்கள், நீங்கள் பொறுமையாகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று. ஏன் என்று கேட்ட ஷெமி, காரணத்தைக் கேட்டதும் மற்ற நர்சுகளிடம் சொல்லப் போனாள்.

சனிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஏழாம் பெட்டியின் மேல் பழைய ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு ஷெமி புதிய பெயரை எழுதி ஒட்டினாள், இடம் போதாமல் கடைசி எழுத்துகளை நெருக்க வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்காகத் தொண்டையில் விட்டிருந்த சுவாசக் குழாயை எடுக்கச் சில நாட்கள் ஆயின. எடுத்த அன்று காலையில் அனூப் லைனில் வந்தான். பொன்செல்வி பக்கத்துப் பெட்டியில் ஒரு சார்ஜர் மாற்றிக்கொண்டிருந்தாள், அப்படித்தான் அவள் சொல்லிக்கொள்கிறாள். டாக்டர் அனந்தபத்மநாபன் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிவிட்டார். தாணுமாலையன் முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, கரகரவென்று ஒரு சத்தம் போட்டான்.

பஹ்ரைனில் அனூப் பின்னால் திரும்பிப் பார்த்தான். அறையில் யாரும் இல்லை. மறுபடி போனைப் பார்த்தான்.

"எக்கா, யாரு அழுகது?" என்றான்.

பொன்செல்வி சார்ஜரை வைத்துவிட்டு டேப்பின் முன்னால் வந்தாள். 

"ஒங்க மோன்தான்" என்றாள். "நல்லாக் கேட்டுக்கிடுங்க."